எடை எழுதாத பெட்டி



உங்கள் இயற்பியல் புத்தகத்தில் ஒரு கட்டை வருகிறது. சாய்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் நிறை 'எம்' என்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது, அதை யார் தூக்கி அங்கே வைத்தார்கள், வைக்கும்போது அவர் கால் நசுங்காமல் தப்பியதா என்று நாம் கேட்பதில்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் கட்டையை மறந்துவிடுகிறோம்.

அந்தக் கட்டை செங்கற்பட்டு வழியாக இரவு பகலாகப் போய்க் கொண்டிருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 1990-களின் இறுதியிலிருந்து 2022 வரை கார்களைச் செய்தது. அதே இடத்தில் எஞ்சின்கள் தயாரிக்கப் போவதாக அந்நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. செங்கற்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007-ல் தொடங்கிய தொழிற்சாலையில், வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களைக் கொண்டு கார்கள் பூட்டப்படுகின்றன. இந்த வட்டாரத்துத் தொழிற்கூடங்களுக்கும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் இடையே எஞ்சின், கியர்பெட்டி, அச்சு என்று கனமான பாகங்கள் போய் வருகின்றன. மறுபுறம் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து கற்சிலைகள் கடல் கடந்து போகின்றன. இரும்பானாலும் கல்லானாலும், தனியாக அனுப்பப்படும் கனத்த பொருளுக்கு நெடுங்காலமாக ஒரே வாகனம்தான்: கள்ளிப்பெட்டி.

இந்தக் கள்ளிப்பெட்டியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கனமான பொருளுக்குப் பெட்டி செய்வது வெறும் தச்சுவேலை அன்று. அது முழுக்க முழுக்க இயற்பியல். எவ்வளவு உறுதியாகச் செய்த பெட்டியாக இருந்தாலும், அதன் எடையும் ஈர்ப்பு மையமும் வெளியே எழுதப்படவில்லை என்றால் அது முடிக்கப்படாத பெட்டி. இதை நாம் பள்ளியிலேயே கற்றுத்தர வேண்டும். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: கனம் எங்கே இருக்கிறது?

200 கிலோ எடையுள்ள ஒரு கார் எஞ்சினை, கியர்பெட்டியோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். "எவ்வளவு எடை?" என்று எல்லோரும் கேட்பார்கள். "அந்த எடை எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர் சிலரே. எஞ்சின் ஒரு செங்கல்லைப் போன்றதன்று. ஒரு பக்கம் வார்ப்பிரும்பு, ஒரு பக்கம் அலுமினியம், ஒரு முனையில் கியர்பெட்டி. அதன் நடுப்பகுதியும் ஈர்ப்பு மையமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க நெம்புகோல் தத்துவமே போதும். எஞ்சினை ஓர் அடிச்சட்டத்தின் மேல் வைத்து, சட்டத்தின் இரு முனைகளுக்குக் கீழே இரண்டு தராசுகளை வையுங்கள். தராசுகளுக்கு இடையே 100 செ.மீ. இருக்கட்டும். ஒன்று 120 கிலோவும் மற்றது 80 கிலோவும் காட்டினால், ஈர்ப்பு மையம் 120 காட்டும் முனையிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 120-ஐ 40-ஆல் பெருக்கினாலும் 80-ஐ 60-ஆல் பெருக்கினாலும் வருவது 4,800 அல்லவா? அந்த இடத்துக்கு நேரே பெட்டியின் வெளிப்புறத்தில் ஓர் அடையாளம் இட வேண்டும். (சட்டத்தின் எடையையும் கணக்கில் சேர்ப்பது உங்களுக்கு ஒரு பயிற்சி.)

இந்த அடையாளம் யாருக்காக? ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுநருக்காக. ஃபோர்க் லிஃப்ட்டும் ஒரு நெம்புகோல்தான். முன்சக்கரமே அதன் ஆதாரப்புள்ளி. முன்னால் சுமை, பின்னால் வண்டியின் கனம். சுமையின் ஈர்ப்பு மையம் முன்சக்கரத்திலிருந்து விலக விலக அதன் திருப்புத்திறன் கூடுகிறது. ஒரு கட்டத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். மூடிய பெட்டிக்குள் கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த ஓட்டுநரால் பார்த்துத் தெரிந்து கொள்ள முடியாது. தெரிந்தவர் பெட்டி செய்தவர் ஒருவரே.

காலைப் பிடி, உடம்பைப் பிடிக்காதே

பெட்டி என்றதும் நான்கு சுவர்களும் ஒரு மூடியும் நம் நினைவுக்கு வருகின்றன. கனமான பொருளுக்கு இவை பிறகு வருபவை. முதலில் வருவது அடித்தளம். தடித்த அடிக்கட்டைகள், அவற்றின் குறுக்கே சட்டங்கள், அவற்றோடு போல்ட் போட்டு இறுக்கிய எஞ்சின். சுவர்களை எல்லாம் கழற்றிவிட்டாலும் எஞ்சின் அசையாமல் நிற்க வேண்டும்.

எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அது எண்ணெயைத் தாங்கச் செய்யப்பட்டது. எஞ்சினைத் தாங்க அன்று. எஞ்சினைக் காரில் பொருத்துவதற்கென்றே அதன் உடலில் சில பிடிமான இடங்களைப் பொறியாளர்கள் அமைத்திருக்கிறார்கள். குண்டும் குழியுமான சாலையில் பல ஆண்டுகள் எஞ்சினின் கனத்தைத் தாங்குபவை அவை. பெட்டிக்குள்ளும் அவற்றையே பயன்படுத்த வேண்டும். கற்சிலைக்கும் இதே நியாயம். கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையையும் வளைவையும் அவ்வளவு தாங்காது. நீட்டிய கையையோ மெல்லிய விரலையோ முட்டுக் கொடுத்து நிறுத்தினால் அது முறியும். பீடத்தைப் பிடித்தால் சிலை பிழைக்கும்.

வெண்ணெய் உருண்டைக்கு இல்லாத தொல்லை

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை'யின் கீழ் நின்று படம் எடுத்திருப்பீர்கள். ஏறத்தாழ 250 டன் என்று மதிப்பிடப்படும் அந்தப் பாறை ஒரு சரிவில் நிற்கிறது. உராய்வு அதைச் சறுக்கவிடாமல் பிடிக்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் குத்துக்கோடு அது தரையைத் தொடும் பரப்புக்குள்ளேயே விழுவதால் உருளவும் இல்லை. அதற்கு ஆணி இல்லை, போல்ட் இல்லை.

"அப்படியானால் 200 கிலோ எஞ்சினும் தன் கனத்தாலேயே நிற்காதா?" என்று கேட்கலாம். வெண்ணெய் உருண்டையின் தரை பிரேக் போடுவதில்லை! லாரியின் தரை போடுகிறது.

கண்டெய்னர்களில் சரக்கு ஏற்றுவதற்கான நடைமுறை நெறி ஒன்றைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும், ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014-ல் வகுத்தன. சாலையில் போகும் சரக்கு முன்னோக்கிப் புவிஈர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கையும், பக்கவாட்டில் 0.5 பங்கையும் தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. கொந்தளிக்கும் கடலில் பக்கவாட்டுப் பங்கும் 0.8 வரை போகும்.

நம் எஞ்சினுக்குக் கணக்கிடுவோம். லாரி ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது முன்னோக்கித் தள்ளும் விசை 200-ல் 0.8 பங்கு, அதாவது 160 கிலோ எடைக்குச் சமம். அடிப்பரப்பின் உராய்வுக் குணகம் 0.3 என்றால் உராய்வு 60 கிலோவை மட்டுமே தடுக்கும். மீதி 100 கிலோவை யார் தடுப்பது? போல்ட்டும் முட்டுக்கட்டையும்தான். லாரி பள்ளத்தில் இறங்கித் துள்ளும் நொடியிலோ எஞ்சின் தரையை அழுத்தும் விசையே குறைகிறது. அப்போது உராய்வும் கைவிட்டுவிடும். "கனமாக இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது?" என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்! கனம் கூடினால் உராய்வு கூடுவது உண்மை. நிலைமமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அடுத்து, கவிழ்தல். பெட்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; அடித்தளத்தின் அகலம் 50 செ.மீ. என்று கொள்வோம். பாதி அகலம் 25. அதை 60-ஆல் வகுத்தால் 0.42. பக்கவாட்டு விசை 0.5 பங்கு வந்தால் இந்தப் பெட்டி கவிழும். அடித்தளத்தை 80 செ.மீ. ஆக்குங்கள். 40-ஐ 60-ஆல் வகுத்தால் 0.67, இனிக் கவிழாது. கூடுதலாகத் தேவைப்பட்டது சிறிதளவு மரம். அதைவிடச் சிறிதளவு கணக்கு.

முக்கோணமும் மூன்று அங்குல ஆணியும்

நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகச் சரியும். குறுக்கே ஒரு மூலைவிட்டச் சட்டம் அடியுங்கள், சரியாது. பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணம் உருமாற முடியாது என்ற வடிவியல் உண்மைதான் காரணம். ஒவ்வொரு சுவரிலும் ஒரு மூலைவிட்டம் இல்லாத பெட்டி பார்வைக்குப் பெட்டி. பயணத்தில் மடக்கு நாற்காலி.

ஆணியிலும் ஒரு பாடம் இருக்கிறது. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, பலகையின் வெட்டுமுனையில் அடித்த ஆணி எளிதில் பிடுங்கிக் கொள்ளும். நாருக்குக் குறுக்கே அடித்தது நன்றாகப் பிடிக்கும். ஆணியை நேராகப் பிடுங்கும் விசையைவிட, அதைக் குறுக்கே வெட்ட முயலும் விசையை அது அதிகம் தாங்கும். அனுபவம் மிக்க தச்சர் பலகைகளை மேலும் கீழுமாக எப்படி மாட்டுகிறார் என்று கவனியுங்கள். இந்த விதிகள் அவர் கையில் இருக்கும்.

பெட்டி கீழே விழுந்தால் என்ன ஆகும்? 15 செ.மீ. உயரத்திலிருந்து நழுவி விழுவதாகக் கொள்வோம். தரையைத் தொட்டபின் அது 1.5 செ.மீ. அமுங்கி நின்றால், உள்ளிருக்கும் எஞ்சின் தன் எடையைப் போல் சுமார் 10 மடங்கு விசையை உணரும். 1.5 மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டால் சுமார் 100 மடங்கு! ஆற்றல் ஒன்றே, நிற்கும் தூரம் குறையக் குறைய விசை கூடுகிறது. ஆகவே சற்றே நசுங்கிக் கொடுக்கும் மரம் நல்ல மரம். அடிக்கட்டை நொறுங்கிப் பொருள் பிழைத்தால் பெட்டி தன் கடமையைச் செய்துவிட்டது.

கிரேனில் தூக்கும்போது இன்னொரு கணக்கு. இரு பக்கமும் கயிறு கட்டி ஒரே கொக்கியில் மாட்டுகிறோம். கயிறுகள் செங்குத்தாக இருந்தால் ஆளுக்குப் பாதியாக 100 கிலோ. கயிறு குட்டையாகி, இரண்டுக்கும் இடையே 120 பாகை கோணம் விரிந்தால், ஒவ்வொரு கயிறும் முழு 200 கிலோவைச் சுமக்கும். அதோடு பெட்டியின் மேல்விளிம்பை இரு பக்கமிருந்தும் சுமார் 173 கிலோ விசை நெருக்கும். மேலே குறுக்குச் சட்டம் இல்லாத பெட்டி அந்த இடத்திலேயே நசுங்கும்.

மரத்துக்குள் ஒளிந்து வரும் பயணி

மரப்பெட்டி வெளிநாடு போவதில் இயற்பியலோடு உயிரியலும் சேர்ந்து கொள்கிறது. பச்சை மரத்துக்குள் வண்டின் புழுக்களும் நூற்புழுக்களும் இருக்கலாம். ஆசியாவைச் சேர்ந்த நீளக்கொம்பு வண்டு 1996-ல் நியூயார்க் நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்கோடு வந்த மரப்பெட்டிகளில் அது குடியேறியிருக்க வேண்டும் என்பது அறிஞர் முடிவு. இத்தகைய அனுபவங்களுக்குப் பின் 2002-ல் சர்வதேச விதி ஒன்று வந்தது. பெட்டி மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். இல்லையேல் ஏற்கப்பட்ட வேறு முறையில் பூச்சி நீக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரை குத்தப்படும். பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்த ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை.

ஈர மரத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பகலில் சூடேறும் கண்டெய்னரில் மரம் ஈரத்தை ஆவியாக விடும். இரவில் அது குளிர்ந்த இரும்பின்மேல் பனித்துளியாகப் படியும். நன்றாக உலர்ந்த மரமும், எஞ்சினைச் சுற்றிய பாலிதீன் உறையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும் அதற்குப் பரிகாரம்.

எழுதுங்கள்!

இவ்வளவையும் செய்து முடித்த பெட்டியின் மேல் எடையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அதைத் தூக்குபவர் கண்ணைக் கட்டிக் கொண்டு தூக்குகிறார் என்று பொருள். எந்தக் கயிறு போதும், எத்தனை பேர் வேண்டும், எந்தக் கிரேன் வேண்டும் என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் தவறினால் இழப்பு எஞ்சினுக்கு மட்டுமன்று. ஒருவருடைய காலோ, கையோ, உயிரோ போகலாம்.

இதை உலகம் வெகுநாள் முன்பே உணர்ந்தது. 1929-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது: கப்பலில் ஏற்றப்படும் ஒரு டன் அல்லது அதற்கு மேற்பட்ட பொதிகளில் மொத்த எடை வெளியே தெளிவாக, அழியாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை நிறைவேற்ற இந்தியா 1951-ல் கனமான பொதிகளில் குறியிடும் சட்டத்தை இயற்றியது. ஆனாலும் பொய் எடைகள் ஒழிந்துவிடவில்லை. 2007 ஜனவரியில் இங்கிலாந்துக் கால்வாயில் 'எம்.எஸ்.சி. நாப்போலி' என்ற கப்பல் உடல் பிளந்தது. அதன் மேல்தளத்தில் நனையாமல் தப்பிய சுமார் 660 கண்டெய்னர்களை எடை போட்டார்கள். 137 கண்டெய்னர்களின் உண்மை எடை, தாளில் எழுதியதிலிருந்து 3 டன்னுக்கும் மேல் மாறுபட்டிருந்தது! 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையைச் சொல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி.

நம் எஞ்சின் 200 கிலோதான். 1929-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதைத் தொடாது. "சட்டமே கேட்கவில்லை, நாம் ஏன் எழுத வேண்டும்?" என்று சிலர் சொல்லலாம். சட்டம் ஒரு டன்னில் தொடங்குகிறது. மனிதப் பாதம் நசுங்குவதற்கு ஒரு டன் தேவையில்லை என்பதே என் பதில். "எங்கள் ஆட்கள் பார்த்தாலே எடை சொல்லிவிடுவார்கள்" என்பார்கள் வேறு சிலர். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மூடிய மரத்தினூடே யாருடைய அனுபவமும் பார்க்காது. இரும்பின் ஒரு கன மீட்டர் சுமார் 7.8 டன், கருங்கல்லின் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். ஒரே அளவுள்ள இரு பெட்டிகளில் ஒன்று மற்றதைப் போல் மூன்று மடங்கு கனக்கலாம். செலவு என்பாரும் உண்டு. ஒரு தூரிகையும் கொஞ்சம் கறுப்பு வண்ணமும் என்ன விலை ஆகிவிடும்?

மொழி தெரியாதவருக்கும் புரியும் குறிகள் இருக்கின்றன. மேல்நோக்கிய இரு அம்புகள் 'இந்தப் பக்கம் மேலே' என்பதற்கு. குடை 'நனைக்காதே' என்பதற்கு. சங்கிலி 'இங்கே கட்டித் தூக்கு' என்பதற்கு. குறுக்குக் கோடுகளுடன் கூடிய வட்டம் ஈர்ப்பு மையத்துக்கு. எஞ்சினை அனுப்புகிறவர் அதை இறக்குகிறவரைப் பார்க்கப் போவதில்லை. ஒருவர் செங்கற்பட்டில், மற்றவர் ஹாம்பர்கிலோ டர்பனிலோ. முகம் தெரியாத அந்தத் தொழிலாளிக்கு நாம் எழுதும் கடிதம்தான் பெட்டியின் வெளிப்பக்கம். அதில் பொய் கூடாது, வெற்றிடமும் கூடாது.

பள்ளிக்கு ஒரு பெட்டி

உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு பழைய தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியோ, பழுதான மோட்டாரோ, எது கிடைத்தாலும் சரி. அதற்கு ஒரு மரப்பெட்டி செய்யுங்கள். பக்கத்துத் தெருத் தச்சரை அழைத்து ஆணி அடிக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இரண்டு தராசு வைத்து ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடியுங்கள்.

பிறகு சோதனை. பெட்டியை ஒரு பலகையின் மேல் வைத்து, தாழ்ந்த பக்கம் சறுக்காமலிருக்க ஒரு மெல்லிய குச்சியை அடித்து, பலகையை 27 பாகை வரை மெல்லச் சாயுங்கள். டேன் 27 பாகை ஏறத்தாழ 0.5 அல்லவா? இந்தச் சாய்வில் கவிழாத பெட்டி, லாரியின் பக்கவாட்டு விசைக்கும் கவிழாது. வெண்ணெய் உருண்டையின் சரிவும் லாரியின் திருப்பமும் ஒரே கணக்கில் அடங்குவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். ஆசிரியர் ஒருவர் அருகில் இருக்க, பெட்டி சாயும் பக்கம் எவரும் நிற்காமல் இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாக வண்ணத்தை எடுங்கள். நான்கு பக்கமும் எடையை எழுதுங்கள். ஈர்ப்பு மையத்தைக் குறியுங்கள். பிறகு பெட்டி செய்வதில் கலந்து கொள்ளாத வேறு வகுப்பு மாணவர்களிடம், எந்த விளக்கமும் சொல்லாமல், அதைத் தூக்கி அடுத்த அறைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவர்கள் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தால், உங்களுக்கு முழு மதிப்பெண்.